அண்ணி போடும் வெயில்

என் அண்ணி வெயில் போடுகிறவள். நான் துணி தைக்கிறேன், பக்கத்து வீட்டுக்காரர் வண்டி ஓட்டுகிறார், அண்ணி வெயில் போடுகிறாள். யாராவது அவள் வேலையைப் பற்றிக் கேட்டால் நான் இப்படித்தான் பதில் சொல்வேன். கேட்டவர் என்னை மேலும் கீழும் பார்ப்பார். பார்த்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன.

இன்னும் கட்டாத கட்டடத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து, நிஜத் தெருவின் போட்டோவுக்குள் கொண்டுபோய் உட்கார வைக்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை. கட்டடம் பொய், தெரு மெய். இரண்டின் மேலும் ஒரே வெயில் விழ வேண்டும். இல்லாவிட்டால் சுவரில் போஸ்டர் ஒட்டின மாதிரி பல்லை இளித்துக்கொண்டு நிற்கும். அந்த வெயிலைப் பொருத்துவதுதான் அண்ணியின் வேலை. போட்டோவில் வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எவ்வளவு சாய்வு, நிழலின் ஓரம் கூர்மையா மங்கலா, பக்கத்துச் சிவப்புச் சுவரில் பட்ட வெளிச்சம் திரும்பிக் கட்டடத்தின் மேல் எவ்வளவு சிவப்பைப் பூசும், எல்லாம் பார்ப்பாள். "நிழல் கறுப்புன்னு எவன் சொன்னான்? நல்லாப் பாரு, வானத்தோட நீலம் அதுல இருக்கும்" என்று சாப்பிடும்போதுகூடத் தட்டின் நிழலைக் காட்டிப் பாடம் நடத்துவாள். அண்ணன் தலையில் அடித்துக்கொள்வான். ஆபீசில் அவளுக்கு வெயிலம்மா என்றே பெயர்.

இத்தனைக்கும் அந்த ஆபீசில் ஒரு பொட்டு வெயில் கிடையாது. ஒரு தடவை அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கப் போனேன். ஜன்னல் எல்லாவற்றிலும் கறுப்புத் திரை. சுவருக்குச் சாம்பல் பெயிண்ட். வெளி வெளிச்சம் உள்ளே வந்தால் கம்ப்யூட்டர் திரையில் நிறம் மாறித் தெரியுமாம். அந்தக் குகையில் உட்கார்ந்து இவள் ஊர்க் கட்டடங்களுக்கெல்லாம் காலை வெயில் பூசிக்கொண்டிருந்தாள். எனக்கு மூச்சு முட்டியது. டப்பாவை நீட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடி வந்துவிட்டேன்.

வீட்டிலும் அவளுக்கு வெயில் இல்லை. அதற்குக் காரணம் நான்.

எங்கள் மாடி வீட்டில் வெயில் வரும் அறை ஒன்றே ஒன்று, தெருவைப் பார்த்த கிழக்கு அறை. அப்போது அது அண்ணனும் அண்ணியும் படுக்கிற அறை. நான் கட்டினவனோடு ஒத்துவராமல் ஒரு பெட்டியும் ஒரு தையல் மெஷினுமாக வந்து நின்றபோது, அண்ணன் என்னைக் கூடத்து மூலையில் தங்கச் சொன்னான். அண்ணி மெஷினைப் பார்த்தாள். "கூடத்துல இருட்டு. இவ எப்படி ஊசி கோப்பா?" என்று கேட்டுவிட்டு, தன் கட்டிலைத் தானே இழுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். பின்னறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவரைக் கையால் தொடலாம். அவ்வளவு வசதி.

நான் தைப்பது பெரும்பாலும் வக்கீல் அங்கி. கறுப்புத் துணியில் கறுப்பு நூல். தைத்துப் பார்த்தால்தான் தெரியும், அதற்கு எந்த விளக்கும் உதவாது. காலை வெயில் ஒன்றுதான் கறுப்புக்குள் இருக்கிற இழையைக் காட்டும். விடிந்ததும் மெஷினை ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தால் உச்சிப்பொழுது வரை எழுந்திருக்க மாட்டேன். என் கைக்கு ஒரு பேர் இருந்தது என்றால் பாதி அந்த ஜன்னலுக்குச் சேர வேண்டியது.

ஜன்னலுக்கு எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம், புதர் மண்டின ஒரு காலி மனை. ஒரு நாள் காலையில் பார்த்தால் அந்தப் புதருக்கு நடுவில் அண்ணி நிற்கிறாள். கையில் ஒரு கழி, கழியின் தலையில் பளபளவென்று ஒரு எவர்சில்வர் உருண்டை. பக்கத்தில் கேமராக்காரர். அந்த உருண்டையில் சுற்றியிருக்கிற வானம், வீடு, மரம் எல்லாம் தெரியும். அதைப் படம் பிடித்துக்கொண்டு போனால் வெளிச்சம் எங்கெங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். இது எனக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியுமா?

"என்னம்மா, குறி சொல்றீங்களா?" என்றார் இஸ்திரிக்காரர்.

நான் ஜன்னலில் எக்கி, "அண்ணி! என்ன கட்டப் போறாங்க?" என்று கத்தினேன்.

"தலையை உள்ள இழுடி! உருண்டையில உன் மூஞ்சிதான் தெரியுது!"

நான் இன்னும் கொஞ்சம் எக்கிப் பல்லைக் காட்டினேன். கேமராக்காரர் சிரித்துவிட்டார். அண்ணி உருண்டையைப் பார்த்தாள், பிறகு எங்கள் ஜன்னலைப் பார்த்தாள், திரும்பக் கிழக்கே சூரியனைப் பார்த்தாள். அதன் பிறகு அவள் சிரிக்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்தவள் சாப்பாட்டைப் பாதியில் வைத்தாள். தட்டைக் காட்டிப் பாடம் நடத்தவில்லை. அண்ணன், "என்ன, ஆபீஸ்ல ஏதாவது?" என்று கேட்டான். அப்போது அவன் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடி, அவனும் தினமும் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வேலை தேடப் போய்க்கொண்டிருந்த காலம். மூன்று பேர் வயிறும் அண்ணி சம்பளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. "ஒண்ணும் இல்ல" என்றாள். ஒன்றும் இல்லை என்று ஒரு பெண் சொன்னால் என்னென்னவோ இருக்கிறது என்று அர்த்தம். அண்ணனுக்கு இது புரிந்திருந்தால் அவன் ஏன் இப்படி இருக்கப் போகிறான்.

நடந்தது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவள் அந்த மனையில் வரப்போகிற உயரக் கட்டடத்தைப் போட்டோவில் உட்கார வைத்து, காலை வெயிலை உள்ளபடி போட்டிருக்கிறாள். கட்டடத்தின் நிழல் தெருவைத் தாண்டி வந்து எங்கள் வீட்டை முழுசாக மூடியிருக்கிறது. எங்கள் வீட்டை மட்டுமில்லை, இந்தப் பக்கத்து வரிசை மொத்தத்தையும். கணக்குப் போட்டுப் பார்த்தால் வருஷம் பூராவும் விடிந்ததிலிருந்து உச்சி வரை அப்படித்தான்.

அவள் முதலாளிக்கு நாங்கள் வைத்த பெயர் சின்னவிஷயம். படம் மட்டுமில்லை, அந்தக் கட்டடத்தைக் கட்டுவதும் அவர்தான். எதைக் கேட்டாலும் "ஒரு சின்ன விஷயம்மா" என்றுதான் தொடங்குவார், பிறகு மலையைப் பெயர்த்துக்கொண்டு வரச் சொல்வார். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு சின்ன விஷயம்மா. இந்த நிழலை எடுத்துடுங்க. தெருக்காரங்களுக்குக் காட்டணும், பார்க்க நல்லா இருக்காது" என்றாராம்.

"சார், அப்ப உச்சி வெயில்ல வேற போட்டோ எடுத்துக்கலாம். நிழல் சின்னதா விழும்."

"காலை வெயில்தாம்மா அழகு. அது இருக்கட்டும். நிழல் மட்டும் வேண்டாம்."

"வெயில் இருந்தா நிழல் இருக்கும் சார்."

"அதுக்குத்தானே உங்களை வச்சிருக்கோம்?"

இதற்கு அவள் என்ன சொல்ல முடியும்? வேலையை விட்டெறிந்துவிட்டு வரலாம். வந்தால் அடுத்த மாதம் அடுப்பு எரியாது. என்னிடம் சொல்லலாம். சொன்னால் நான் சும்மா இருப்பேனா? தெருவையே திரட்டிக்கொண்டு போய் நின்றிருப்பேன், யார் சொன்னது என்று விசாரிக்க அரை நிமிஷம் ஆகாது. அதனால் அவள் வாயைத் திறக்கவில்லை. குகையில் உட்கார்ந்து, எங்கள் வீட்டின் மேல் விழுந்த நிழலைத் தன் கையாலேயே துடைத்து எடுத்தாள்.

பிறகு ஒரு சாயங்காலம் தெருக்காரர்களை ஒரு கூடத்துக்கு அழைத்தார்கள். கட்டடத்துக்கு ஆட்சேபம் இருந்தால் அங்கேதான் சொல்ல வேண்டும். நாங்கள் எல்லோரும் போனோம். சின்னவிஷயம் மேடையில் சிரித்துக்கொண்டு நின்றார். ஓரத்தில் கம்ப்யூட்டர் பக்கத்தில் அண்ணி. திரையில் படம் வந்ததும் கூடமே "அடேயப்பா" என்றது. சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு அழகு. கட்டடம் இளவெயிலில் பொன்னாக நின்றது. எதிரே எங்கள் வீடு, எங்கள் ஜன்னல், எல்லாம் பளிச்சென்று இருந்தன. "எங்க அண்ணி செஞ்சதாக்கும்" என்று பக்கத்தில் இருந்தவரை இடித்துச் சொன்னேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பெருமை அடங்கினதும் பழக்கம் வந்துவிட்டது. எத்தனை தடவை கேட்டிருக்கிறேன், எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதல்ல நிழலைப் பாரு, ஒரு சூரியனுக்கு ஒரு நிழல்தான் என்று. பார்த்தேன். மரத்துக்கு நிழல் இல்லை. வண்டிக்கு இல்லை. எங்கள் வாசலில் நிற்கிற மின்கம்பத்துக்கு மட்டும் இருந்தது. மனைப் பக்கமிருந்து வருகிற வெயிலில், எங்கள் சுவர் மேல் நீளமாக ஏறி விழுந்திருந்தது. கம்பத்துக்கு நிழல் எங்கள் சுவரில் விழுந்தால், கம்பத்துக்குப் பின்னால் மலை மாதிரி நிற்கிற கட்டடத்தின் நிழல் எங்கே போயிற்று?

எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. என் ஜன்னல் போயிற்று.

நான் எழுந்து நின்றுவிட்டேன். "ஒரு கேள்வி!"

மொத்தக் கூடமும் திரும்பியது. "சொல்லுங்கம்மா" என்றார் சின்னவிஷயம்.

அண்ணி என்னைப் பார்த்தாள். கண் கொட்டாமல் பார்த்தாள். முகம் வெளுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, கையை மேஜை விளிம்பில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு எல்லாம் ஒன்றாக மனசில் வந்தது. அவள் சம்பளம், அண்ணனின் மடித்த சட்டை, அவள் இழுத்துக்கொண்டு போன கட்டில். வேண்டாண்டி, என்னைக் காட்டிக் கொடுத்துடாதே என்று அந்தக் கண் கெஞ்சுகிறதென்று எனக்குப் பட்டது.

"வாசல்ல மரம் வைப்பீங்களா?" என்று கேட்டேன்.

"தாராளமா வைப்போம்!" என்றார் அவர். கூடம் கைதட்டியது. ஆட்சேபம் ஒன்றும் இல்லை என்று முடித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அண்ணியைப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் இன்னும் யாரோடோ வாசலில் பேசிக்கொண்டிருந்தான்.

"நல்லா இருக்கு அண்ணி நியாயம்! என் கண்ணைக் குத்திட்டு எனக்கே படம் காட்டுறீங்களா? சொல்லியிருந்தா நான் என்ன உங்களைக் கடிச்சா தின்னிருப்பேன்?"

அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எல்லா நிழலையும் துடைச்சீங்களே, அந்தக் கம்பத்தை மட்டும் ஏன் விட்டீங்க? கவனிக்கலையா?"

"வெயில் போடுறவ கம்பத்து நிழலைக் கவனிக்காம விடுவாளா?" என்றாள். "நீ பார்ப்பேன்னுதான் விட்டேன். அவர் கண்ணுக்கு அது தெரியாது. உனக்குத் தெரியும். நீ எழுந்து கேட்டா, அத்தனை பேர் முன்னாடி நான் பதில் சொல்லியே ஆகணும். நானா போய்ச் சொன்னாதானே துரோகம்? தெருக்காரங்க கேட்டா உள்ளதைச் சொன்னேன்னு ஆகும்."

"அப்புறம் ஏன் என்னை அப்படிப் பார்த்தீங்க? வாயை மூடுன்னு?"

"வாயை மூடுன்னா பார்த்தேன்?" அண்ணி முதல் தடவையாக என் முன்னால் அழுதாள். "கேளு, கேளுன்னு பார்த்தேன்டி. மரம் வைப்பீங்களான்னு கேக்குற."

நான் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஒரு கண்ணில் கேளு என்று எழுதியிருக்கிறதா, கேட்காதே என்று எழுதியிருக்கிறதா என்று படிக்க நான் என்ன மந்திரவாதியா? அவள்மேல் கோபம் வந்தது. என்மேல் அதைவிட வந்தது. ஒருத்தியைக் காப்பாற்ற இன்னொருத்தி வாயை மூடி, இரண்டு பேரும் சேர்ந்தே குழியில் விழுந்தோம். அண்ணன் உள்ளே வந்து, "மரம் வைக்கச் சொன்னியே, நல்ல யோசனை" என்றான். அவன் தலையில் எதையாவது போட்டிருக்க வேண்டும்.

கட்டடம் எழுந்தது. மாடி மேல் மாடியாக ஏற, என் மெஷின் மேல் விழுகிற வெயில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதமாக வந்து, பிறகு வராமலே போனது. விடிந்தாலும் விடியாத மாதிரி இருந்தது. டியூப்லைட்டைப் போட்டுக்கொண்டு தைத்தேன். டியூப்லைட்டுக்குக் கறுப்பும் ஒன்றுதான், கருநீலமும் ஒன்றுதான். என்னிடம் வழக்கமாகத் தைக்கும் வக்கீலம்மா ஒரு நாள் அங்கியைக் கொண்டுவந்து, "கோர்ட் வாசல்ல எல்லாரும் சிரிக்கிறாங்கம்மா" என்று மொட்டை மாடிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய் வெயிலில் விரித்துக் காட்டினார். தோளிலிருந்து கீழ்வரை கருநீல நூல். எனக்கு உயிரே போய்விட்டது. மன்னிப்புக் கேட்டுப் பிரித்துத் தைத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. மெஷினை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகலாமா என்று பார்த்தேன், வீட்டுக்காரர் மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்.

அண்ணி என் அறைக்குள் வருவதையே விட்டுவிட்டாள். வாசற்படியில் நின்று பேசிவிட்டுப் போவாள். ஆனால் சும்மா இருக்கவில்லை. அந்தக் கட்டடத்தில் வீடு வாங்க வருகிறவர்களுக்குக் காட்டும் படத்தை அவள்தான் செய்துகொண்டிருந்தாள். எங்கள் பக்கம் பார்த்த சுவர், வரைபடத்தில் வெறும் சிமெண்டுச் சுவர், உச்சியில் சின்னச் சின்ன ஜன்னல். இவள் மேல்மாடிகளுக்கு மட்டும் அந்தச் சுவரை எடுத்துவிட்டு முழுசும் கண்ணாடி போட்டு, சாயங்கால வானத்தை அதில் இறக்கிக் காட்டியிருக்கிறாள். வரைந்த இன்ஜினியர் முகத்தைச் சுளித்தாராம். சின்னவிஷயம் படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இதுதாம்மா விக்கும். இப்படியே கட்டுங்க" என்றுவிட்டார். படத்துக்கு ஏற்ற மாதிரி கட்டடம் கட்டினார்கள்.

இதை அவள் எனக்குச் சொல்லவில்லை. கண்ணாடி மாட்டின பிறகு ஒரு மத்தியானம், டியூப்லைட்டின் கீழே ஊசி கோக்கத் திண்டாடிக்கொண்டிருந்தேன். திடீரென்று மெஷின் மேல் வெளிச்சம். நிமிர்ந்தால் ஜன்னல் நிறைய வெயில். மேற்கே சாய்ந்த சூரியன் எதிர்க் கண்ணாடியில் பட்டு, திரும்பி, கிழக்கு ஜன்னல் வழியாக என் அறைக்குள் வருகிறது! நூல் நூலாகக் கறுப்பு தெரிந்தது. ஊசியை அப்படியே போட்டுவிட்டு அழுதேன்.

அன்று அண்ணி வந்ததும், செருப்பைக் கழற்றும் முன்னே, "மத்தியானம் வந்துச்சா?" என்றாள்.

"என்ன வந்துச்சா?"

"நடிக்காதடி."

"வந்துச்சு" என்றேன். "காலையில வர்றதை எடுத்துட்டு மத்தியானம் மிச்சம் மீதி போடுறீங்களாக்கும்?"

"வேற என்னால முடியல" என்றாள். கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கொஞ்ச நேரம்தான் இருக்கும் அந்த வெயில். அதற்குள் கறுப்பு வேலையை முடித்துவிடக் கற்றுக்கொண்டேன். அண்ணி அதைப் பார்த்ததே இல்லை. அது வரும் நேரம் அவள் குகையில் இருப்பாள், ஞாயிற்றுக்கிழமையும் வேலை. வீட்டில் இருந்த ஒன்றிரண்டு நாளும் மேகம் வந்து கெடுத்தது. போன வாரம் நான் சண்டை போட்டு அரைநாள் லீவு போட வைத்தேன்.

வெகு நாளைக்குப் பிறகு அறைக்குள் வந்தாள். ஜன்னலோரம் அவளை உட்கார வைத்தேன். வெயில் வந்தது. அவள் முகத்தில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள், பிறகு திறந்து, பழக்கதோஷம், கீழே தெருவைப் பார்த்தாள். பார்த்தவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

"என்ன அண்ணி?"

"கம்பத்தைப் பாரு."

எங்கள் வாசல் மின்கம்பத்துக்கு இரண்டு நிழல். நிஜ வெயிலில் ஒன்று அந்தப் பக்கம், கண்ணாடி வெயிலில் ஒன்று இந்தப் பக்கம். தெருவில் போகிற ஆள், வண்டி, எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு.

"புதுசா வர்ற பசங்க இப்படிப் படம் போட்டுக்கிட்டு வந்தா, பொய்யின்னு அப்பட்டமா தெரியுது, எடுத்துட்டுப் போன்னு திட்டுவேன்" என்றாள். "இப்ப தெருவே அப்படி ஆயிடுச்சு." சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நானும் சிரித்தேன். எத்தனையோ மாதம் கழித்து இரண்டு பேரும் ஒரே அறையில் சிரித்தோம்.

அப்போது அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஒரு சின்ன விஷயம்மா. அந்தக் கண்ணாடிப் பக்கம் குடிவந்தவங்க, மத்தியானம் வீட்டுக்குள்ள சூடு தாங்கலைன்னு சொல்றாங்க. வெளிப்பக்கம் கறுப்பா, மினுக்கம் இல்லாத தாள் ஒண்ணு ஒட்டலாம்னு இருக்கோம். பார்க்க நல்லா இருக்குமான்னு அவங்களுக்குச் சந்தேகம். ஒரு படம் போட்டுக் காட்டிட்டா ஒத்துக்குவாங்க. நாளைக்குக் கிடைக்குமா?"

அண்ணி என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை அந்தக் கண்ணை நான் சரியாகவே படித்தேன். இந்த வெயிலும் போகிறது.

"சரி சார்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "போடுங்க, போடுங்க. ஆனா கண்றாவியா போடுங்க அண்ணி. பார்த்ததும் சீன்னு சொல்லணும். ஒத்துக்கவே கூடாது."

அவள் மெஷின் மேல் கிடந்த கறுப்புத் துணியைத் தடவிக்கொண்டிருந்தாள். அதன் மேல் வெயில் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது.

"எத்தனையோ தடவை அப்படிப் போட்டுப் பார்த்திருக்கேன்" என்றாள். "கை கேக்க மாட்டேங்குதுடி. கடைசியில நல்லாதான் வந்துடுது."

நான் மெஷினை வெயில் இருக்கிற பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்து, தைக்க உட்கார்ந்தேன்.